101 வெள்ளி மொய்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் வந்த முதல் வருடம், கூட வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் தன் கல்யாணத்துக்கு அழைத்தார். ஓட்டலில் இரவு விருந்து. நான் ஊர்ப் பழக்கப்படி நல்ல வெள்ளை உறையாகப் பார்த்து வாங்கி, இரண்டு ஐம்பது வெள்ளித் தாள்களை (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்) வைத்து, மறக்காமல் ஒரு வெள்ளி நாணயத்தையும் போட்டு, மேலே பெயரெழுதி எடுத்துக்கொண்டு போனேன். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது எங்கள் அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டார். "இதையா கொடுக்கப் போறீங்க? உள்ளே எவ்வளவு?" என்றார். 101 என்று பெருமையாகச் சொன்னேன். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், தன் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு உறையை எடுத்துக் கொடுத்து, "முதல்ல அந்தக் காசை வெளியே எடுங்க" என்றார்.

விஷயம் இதுதான். நமக்கு 100 என்பது முடிந்துபோன கணக்கு, 101 என்பது வளரப்போகிற கணக்கு. அந்த ஒரு ரூபாயில்தான் மங்கலமே இருக்கிறது. சீனர்களுக்கு நல்ல காரியம் என்றால் எதுவும் ஜோடியாக வர வேண்டும், அதனால் இரட்டைப்படைத் தொகைதான் வைப்பார்கள். ஒற்றைப்படைத் தொகையை வெள்ளை உறையில் போட்டுக் கொடுப்பது சாவு வீட்டுக்கு. ஆக, மணமகனை வாழ்த்தப் போன நான் துக்கம் விசாரிக்கும் உறையோடு நின்றுகொண்டிருந்தேன். இரட்டைப்படையிலும் 4 ஆகாது, சீன மொழியில் அதன் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டும். 8 இருந்தால் சந்தோஷம். அப்புறம் இன்னொன்று: ஓட்டல் விருந்து என்றால் நம் ஒரு நாற்காலிக்கு ஆகும் செலவையாவது ஈடுகட்டும்படி போடுவதுதான் வழக்கம். அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டால் எந்த ஓட்டலுக்கு எவ்வளவு என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் எதற்கெல்லாம் அபராதம் என்று ஊரிலேயே பத்துப் பேர் பயமுறுத்தி அனுப்புவார்கள். எச்சில் துப்பாதே, குப்பை போடாதே, சூயிங்கம் 1992லிருந்து கிடையாது என்றெல்லாம். அதை யாரும் மறப்பதில்லை. என் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். நம் ஊரில் நல்ல பழக்கம், மரியாதை என்று கற்றுக்கொண்டது இங்கே தலைகீழாக வேலை செய்யும் இடங்கள் அவை.

பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரை மணி, கூட்டம் நெரிகிறது. ஒரு மேசை காலியாக இருக்கிறது, அதன் மேல் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அதைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தால் முதல் தவறு. நான் அதையும் தாண்டினேன். மேசையை விட்டு நகர்ந்த ஓர் அம்மாவின் பின்னாலேயே ஓடி, "விட்டுட்டுப் போறீங்க" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அது இடம் பிடித்து வைத்திருப்பதற்கான அடையாளம். இதற்கு இங்கே 'சோப்' என்று பெயர். குடை, அலுவலக அட்டை, சில சமயம் தண்ணீர் போத்தல்கூட இடம் பிடிக்கும். நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டவர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது, எனக்குத்தான் புரியவில்லை. மேசையில் பாதி காலியாக இருந்தால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுவது இங்கே சாதாரணம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுவது அடுத்த தவறு. மேசை துடைப்பவர் எடுத்துக்கொள்வார் என்பது பழைய காலம். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதல் முறை எச்சரிப்பார்கள், மறுபடியும் செய்தால் 300 வெள்ளி அபராதம். இது பலருக்குத் தெரியும். தெரியாதது, தட்டு வைக்கும் அலமாரி பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்பது. ஒன்று ஹலால், மற்றது ஹலால் அல்லாதது. பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை அவசரத்தில் ஹலால் பக்கம் செருகிவிட்டுப் போனால் யாரும் சத்தம் போட மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் மலாய்க்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதே மாதிரி, சீனக் கடையில் நூடுல்ஸ் வாங்கிவிட்டு, முள்கரண்டி தீர்ந்துவிட்டது என்று பக்கத்து முஸ்லிம் கடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது கூடவே கூடாது. அந்தக் கடையின் தட்டும் கரண்டியும் பல இடங்களில் வேறு நிறத்தில் இருப்பதே இதற்காகத்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். "இறைச்சி வேண்டாம், காய்கறி மட்டும்" என்று சொன்னால் கடைக்காரர் தலையாட்டிவிட்டுச் சிப்பிச் சாறு ஊற்றிய கீரையைக் கொடுப்பார். அவர் ஏமாற்றவில்லை. நீங்கள் இறைச்சி வேண்டாம் என்றீர்கள், அதில் இறைச்சி இல்லை, அவ்வளவுதான். சம்பல் கங்கோங் என்று கீரைப் பொரியல் மாதிரி ஒன்று கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கும். அதில் பெலாச்சான் என்கிற இறால் விழுது கட்டாயம் உண்டு. லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பிலும் காய்ந்த இறால் இருக்கும். ரொட்டியில் தடவித் தரும் காயாவில் முட்டை சேரும். இதற்கு நேர்மாறான அதிர்ச்சியும் உண்டு. சீன சைவக் கடைக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் வாத்தும் பன்றியும் தொங்குவது போலவே இருக்கும். எல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தது. என் மாமியார் முதல் முறை பார்த்ததும் கடை மாறி வந்துவிட்டோம் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

கோப்பிக் கடையில் "ஒரு காபி, சீனி கம்மி" என்று கேட்டுவிட்டு, தித்திப்பாக வந்ததே என்று முகம் சுளிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இங்கே கோப்பி என்றாலே கெட்டித் தித்திப்புப் பாலோடுதான் வரும், சீனியைக் குறைத்தாலும் அந்தப் பால் இனிக்கும். 'ஓ' என்றால் பால் இல்லாத கடுங்காப்பி. 'சி' என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால். 'கொசோங்' மலாய்ச் சொல், வெறுமை என்று அர்த்தம், அதாவது சீனியே வேண்டாம். 'சியூ தாய்' தித்திப்பு குறைவு. 'பெங்' என்றால் பனிக்கட்டி போட்டது. தேநீரானால் கோப்பிக்குப் பதில் 'தே'. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கோப்பி சி கொசோங்" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பெரிய உணவகங்களில் வேறு கணக்கு. உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் கொண்டுவந்து வைப்பார்கள். உபசாரம் என்று நினைத்துத் தொட்டால் ரசீதில் ஏறும். விலைப் பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் தனி. டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது. தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பேருந்து விஷயத்தில் இரண்டு. நிறுத்தத்தில் நின்றால் மட்டும் வண்டி நிற்காது, கையை நீட்ட வேண்டும். இறங்கும்போது பயண அட்டையை மறுபடி தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். ரயிலில் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிப்பதும் அதில்தான் சேரும்.

பெட்டி கட்டும்போது செய்யும் தவறு இருக்கிறதே, அதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புகையிலை, குட்கா, கைனி எதுவும் கூடாது. மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. மின் சிகரெட்டும் அப்படியே. சாதாரண சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் வரை சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒற்றைச் சிகரெட்டுக்கும் வரி உண்டு, அறிவித்துத்தான் ஆக வேண்டும். இதெல்லாம் கெட்ட பழக்கம், சரி. கசகசா என்ன பாவம் செய்தது? குருமாவுக்கு என்று அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் அந்தச் சின்னப் பொட்டலம் இங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு பார்க்கிற பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. என் வீட்டிலும் ஒரு முறை, தொலைபேசியில் அத்தனை தடவை சொல்லியும், பெயர் எழுதாத துணிப்பையில் முடிந்து பருப்புக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தார்கள். நல்லவேளையாக விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே கண்ணில் பட்டது. முந்திரியும் தேங்காயும் அரைத்துவிட்டால் குருமா கெட்டியாகத்தான் வருகிறது, ருசியில் மட்டும் கொஞ்சம் குறை. தீபாவளிக்கு வெடி கொண்டு வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம், 1972லிருந்து தடை. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்கு எரியும், கம்பி மத்தாப்பு கடையில் கிடைக்கும், அத்தோடு சரி.

இங்கே மக்களில் பெரும்பாலோர் வசிப்பது வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான். அங்கே குடிவந்ததும் துணியைப் பிழியாமல் கம்பில் மாட்டினால் கீழ்வீட்டுத் துணியில் சொட்டும், சண்டை அங்கிருந்து ஆரம்பிக்கும். சன்னல் வழியாக எதையாவது எறிவது குப்பை போட்ட குற்றமாக நிற்காது, கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்கள், வீட்டையே இழக்கவும் நேரலாம். சமையல் மணம் மட்டும் நீங்கள் பயப்பட வேண்டாத விஷயம். சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியர் வீட்டுக் குழம்பு வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்தது. சமரசம் பேசி, அவர்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் குழம்பு வைப்பது என்று முடிவானதாக 2011இல் செய்தி வந்தது. ஊரே கொதித்துவிட்டது. அந்த ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை, எல்லா இனத்தவரும் வீட்டில் குழம்பு வைத்து அக்கம்பக்கத்தோடு சாப்பிடுங்கள் என்று ஒரு இயக்கமே நடந்தது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு நம்முடையது மட்டும் இல்லை என்று அதை நினைத்து நான் கொஞ்சம் ஆறுதல் அடைவதுண்டு.

அடுக்குமாடியின் கீழே தூண்களுக்கு நடுவில் திறந்த தளம் இருக்கும். மலாய்க் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் ஒரே இடத்தில், வெவ்வேறு நாளில் நடக்கும். சீனர் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் சிவப்பு உடை வேண்டாம். சிவப்பு நூல் ஒன்று கொடுப்பார்கள், வாங்கி விரலில் சுற்றிக்கொண்டு, நம் வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிட வேண்டும். கிளம்பும்போது விடைபெறக் கூடாது. இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சாவு வீட்டில் யார் "போயிட்டு வர்றேன்" என்று சொல்வார்கள்?

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சீனர்களின் ஏழாம் மாதம் வரும். ஆவிகள் பூமிக்கு வந்து போகும் மாதம் என்பது நம்பிக்கை. நடைபாதையோரம் புல்லில் ஆரஞ்சுப் பழம், சோறு, ஊதுபத்தி எல்லாம் வைத்திருப்பார்கள். நம் ஊரில் முச்சந்தியில் கழிப்பு கிடந்தால் எப்படித் தாண்டாமல் சுற்றிப் போவோமோ, அப்படியே போக வேண்டியதுதான். இரவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை முழுக்கக் காலியாக இருக்கும். இவ்வளவு நல்ல இடம் வீணாகிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அது, பூமிக்கு வந்து போகிற அவர்களுக்கானது.

கடைசியாக, நம் ஆட்களிடமே செய்யும் தவறு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு பெரியவர் சரளமாகத் தமிழ் பேசுவார். பேச்சு பிடித்துப்போய், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்போம். ஊரில் அது பிரியமான கேள்வி. இங்கே அவர் "ஈசூன்" என்பார், சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கிற ஒரு பகுதி. நாம் விடாமல், "இல்லை, இந்தியாவுல சொந்த ஊர்?" என்போம். அவர் தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம், தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, அவருக்குச் சொந்த ஊர் ஈசூன்தான். அந்தக் கேள்வி, நீங்களும் என்னைப் போல வந்தவர்தானே என்று கேட்பதாக அவர் காதில் விழும். ஊரைக் கேட்டுக் கேட்டு எங்கே போய் நிற்கப் பார்க்கிறோம் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும், சாதி என்று வாயால் சொல்லாவிட்டாலும். நான் ஒருவரிடம் இப்படி மூன்று முறை கேட்டேன். அவர் பொறுமையாக, "பிளாக் நம்பர் சொல்லவா?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டை இந்தப் பக்கத்துத் தமிழர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இன்னும் இல்லை என்றேன். எனக்கும் சேர்த்து இரண்டு தோசையும் ஒரு தே ஓ கொசோங்கும் சொன்னார்.