விளம்பரம் வந்தால் உடனே ஃபோர்மட்டா?

"விளம்பரம் விளம்பரமா வருது, ஃபோர்மட் அடிச்சுத் தாங்க அண்ணே." ஹட்டன், தலவாக்கலை பக்கம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் பலர் வாயைத் திறந்ததும் சொல்வது இதைத்தான். நோயைச் சொல்வதற்கு முன்பே மருந்தை எழுதிவிடுகிறார்கள். ஃபோர்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதை அடித்தே ஆகவேண்டிய கேஸ்களும் உண்டு, ஆனால் குறைவு. விளம்பரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் கைவைப்பதுதான் முதல் தவறு.

அதனால் முதலில் அது எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். திரையின் வலது பக்கக் கீழ் மூலையில், சின்னப் பெட்டியாக, "உங்கள் கம்பியூட்டரில் 5 வைரஸ்" என்கிற மாதிரி வருகிறதா? மூடிவிடாமல் அந்தப் பெட்டியைக் கூர்ந்து வாசியுங்கள். சின்ன எழுத்தில் 'கூகுள் குரோம்' என்று இருக்கும், பக்கத்திலேயே கேள்விப்படாத ஏதோ ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். அப்படியென்றால் பெரும்பாலும் அது வைரஸே இல்லை. என்றோ ஒருநாள் 'அலவ்' என்ற பட்டனை அழுத்தி, அந்தத் தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப நாமே அனுமதி கொடுத்திருக்கிறோம்.

எப்போது கொடுத்தோம்? சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பழைய வினாத்தாள் தேடும் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள், தெரியும். ஏதோ ஒரு தளத்தில் மூன்று நான்கு டவுன்லோட் பட்டன்கள் இருக்கும். உண்மையானது மிகச் சின்னதாக ஒரு ஓரத்தில். பெரிய பச்சைப் பட்டனை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறந்து, "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்" என்று கேட்கும். ரோபோ இல்லை என்று நிரூபிக்க நோட்டிபிகேஷன் அனுமதி தேவையே இல்லை, அப்படிக் கேட்பது பொய். வினாத்தாளும் பாடநூலும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தேடிப் பார்த்துவிட்டு வெளியே போகலாம்.

இந்த வகை விளம்பரத்தை நிறுத்த எந்த சொஃப்ட்வெயாரும் வேண்டாம், டேட்டாவும் செலவாகாது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'புளொக்' கொடுங்கள். பலர் 'ரிமூவ்' கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ரிமூவ் கொடுத்த தளம் அடுத்த முறை போனால் திரும்பவும் அனுமதி கேட்கும், புளொக் செய்தது கேட்காது.

அதைச் செய்தும் விளம்பரம் நிற்கவில்லை என்றால் அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் சின்னப் புரோகிராம்கள், பக்கம் போகவேண்டும். நீங்கள் போடாத எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடாது. கூடவே விண்டோஸில் நிறுவிய புரோகிராம்களின் பட்டியலைத் திகதி வரிசையில் வைத்துப் பாருங்கள். விளம்பரம் தொடங்கிய நாளில் என்னென்ன புகுந்தன என்று தெரிந்துவிடும். பாமினி என்ற தமிழ் எழுத்துரு வேண்டும் என்று தேடிப் போய், கூடவே இரண்டு மூன்று டூல்பாரையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். எழுத்துருக் கோப்பு பொதுவாக டிடிஎஃப் என்று முடியும், வினாத்தாள் பீடிஎஃப் என்று முடியும். இவற்றைத் தேடிப் போய் இறங்கியது இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது ஒரு புரோகிராம், திறக்காமலே அழித்துவிடுங்கள். விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துக்களை வழமையாக மறைத்தே வைத்திருக்கும், ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் அவற்றைக் காட்டச் சொல்லவேண்டும்.

அடுத்த தவறு, பதற்றத்தில் "விளம்பரம் நீக்கும் சொஃப்ட்வெயார்" என்று தேடி, மேலே வரும் முதல் முடிவை அழுத்துவது. முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்தான். 2018இல் குரோம் ஸ்டோரிலேயே விளம்பரத்தைத் தடுப்பதாகச் சொல்லும் போலி அட்புளொக்கர்கள் பிடிபட்டன, அவற்றைப் போட்டிருந்தவர்கள் 2 கோடிக்கும் மேல். துப்புரவு செய்யும் சொஃப்ட்வெயார் ஒன்று வேண்டும் என்றால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்கிளீனரை அவர்களுடைய தளத்திலிருந்தே எடுங்கள். இலவசம், சிறியது, நிறுவவும் தேவையில்லை. குரோமிலேயே துப்புரவு செய்யும் வசதி இருக்கிறது என்று சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பித் தேடாதீர்கள், அதைக் கூகுள் 2023 மார்ச்சிலேயே எடுத்துவிட்டது.

முழுத் திரையையும் மறைத்து, மைக்ரோசொஃப்ட் பெயரில், சைரன் சத்தத்தோடு "இந்த நம்பருக்கு உடனே அழையுங்கள்" என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசொஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் போடுவதில்லை. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், சரிவராவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது 'ரிஸ்டோர்' கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஏற்கனவே பேசி, வங்கி விபரத்தையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு. அதன் பிறகு 101, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் எண் அது.

சரி, ஃபோர்மட்டுக்கு வருவோம். தோட்டத்தில் ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும் வீட்டில், ஃபோர்மட் அடித்த மெஷினுக்குத் திரும்ப அப்டேட் இறக்குவது என்றால் ஜிபி கணக்கில் டேட்டா போகும். அது போனாலும் பரவாயில்லை என்றால், போடுவது களவு விண்டோஸ் என்றால் என்ன பிரயோசனம்? அதை ஒரிஜினல் போலக் காட்டும் 'அக்டிவேட்டர்' முதலில் கேட்பதே விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லித்தான். காவலை எடுத்துவிட்டு எவனோ செய்த புரோகிராமை ஓடவிட்டால் விளம்பரம் அதோடு சேர்ந்தே வந்து குடியேறலாம். போடுவது ஒரிஜினல் விண்டோஸா என்று கடைக்காரரிடம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, காசு கொடுப்பது நீங்கள்.

இன்னொன்றும் நடக்கும். ஃபோர்மட் முடிந்து வீட்டுக்கு வந்து பழைய ஜீமெயிலோடு குரோமில் நுழைந்ததும், கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தானாக வந்து உட்காரும், விளம்பரக்காரனும் சேர்த்து. பிள்ளைகளின் படங்கள் போனதுதான் மிச்சம்.

வீட்டில் ஒரே வைஃபையில் உள்ள போன்களிலும் அதே விளம்பரம் வந்தால் லெப்டொப்பை விட்டுவிட்டு ரவுட்டரைப் பாருங்கள். அதை ரீசெட் செய்து, அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும்.

பாஸ்வேர்ட் என்றதும் சொல்லவேண்டியது, பல எக்ஸ்டென்ஷன்கள் நிறுவும்போதே "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவும்" அனுமதி வாங்கிவிடும். அப்படி ஒன்று இருந்திருந்தால் ஜீமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மெஷின் துப்புரவான பிறகு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். அது உள்ளே இருக்கும்போதே மாற்றினால் புதியதும் அதன் கையில்தான் போய்ச் சேரும்.