டென்மார்க் பண்டிகைகள்: காலண்டரில் சிவப்பு இல்லாத நாட்கள்

டென்மார்க்குக்குத் தோல் சரக்கு அனுப்பும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களும், பிள்ளையை அங்கே படிக்க அனுப்பிய வேலூர் வீடுகளும் முதலில் செய்யும் தப்பு ஒன்றுதான்: அந்த நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி அதையே நம்புவது. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் ஊரே கொண்டாடும் நாட்களில் பல அதில் இருக்காது. அவர்களுக்குப் பண்டிகை பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலத்தில்தான்.

பட்டியலில் உள்ளவை: ஜனவரி 1, பெரிய வியாழன், புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, ஈஸ்டர் திங்கள், ஈஸ்டருக்குப் பின் 39ஆம் நாளான விண்ணேற்ற வியாழன், 49, 50ஆம் நாட்களில் பெந்தெகொஸ்தே ஞாயிறும் திங்களும், டிசம்பர் 25, 26. பழைய பட்டியல் கையில் இருந்தால் ‘பெரிய பிரார்த்தனை நாள்’ என்பதை அடித்துவிடுங்கள். 1686இல் தொடங்கிய அந்த விடுமுறை 2024 முதல் இல்லை.

பட்டியலில் இல்லாமல் காலை வாருபவை வேறு. டிசம்பர் 24 அன்று பெரிய கடைகள் திறக்காது. டிசம்பர் 31 மதியம் 3 மணிக்கு மேல் அதே கதை. ஜூன் 5, 1849இல் அரசியல் சட்டம் வந்த நாள், அன்றும் கடையடைப்புதான். ஜூலையில், அதாவது வருடத்தின் 28 முதல் 30ஆம் வாரம் வரை, தொழிற்சாலைகளில் வழக்கமான கோடை விடுமுறை என்பதால், கையெழுத்து வாங்க வேண்டிய சாம்பிளை ஜூன் கடைசிக்குள் அனுப்பிவிடுவது நல்லது. அவர்கள் தேதி சொல்வதைவிட வார எண் சொல்வது அதிகம். போன் காலண்டரில் வார எண்ணைப் போட்டுக்கொள்ளும்போது, வாரம் திங்களில் தொடங்கும்படி மாற்றுங்கள். ஞாயிறில் தொடங்கினால் சில வருடங்களில் எண் ஒன்று தள்ளிப்போய், மீட்டிங்கும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

ஜூன் 23 இரவு சங்த் ஹான்ஸ். கடற்கரையில் விறகு அடுக்கி, உச்சியில் வைக்கோல் சூனியக்காரியை வைத்துக் கொளுத்துவார்கள். நம் போகி மாதிரிதான், ஆனால் விடியலில் இல்லை, இரவில். அதுவும் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் இரவு. ஈஸ்டருக்கு ஏழு வாரம் முந்தைய ஞாயிறு ஃபாஸ்டலௌன். மிட்டாய் நிரப்பிய மரப்பீப்பாயைக் கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக அடிப்பார்கள். உறியடிதான், கண்ணைக் கட்டுவது மட்டும் கிடையாது. அடிப்பலகையைத் தட்டி விழவைப்பவர் பூனை ராணி, கடைசிப் பலகையை வீழ்த்துபவர் பூனை ராஜா.

எல்லாவற்றிலும் பெரியது டிசம்பர் 24 ராத்திரி. இதை வேலூரிலேயே செய்து பார்க்கலாம். நள்ளிரவு ஆராதனைக்குப் போகும் வீடுகளுக்கும் இடிக்காது, ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடலாம்.

முதலில் மரத்தில் தொங்கவிடும் காகித இதயம். எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்ததுதான் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று கலர் பேப்பரை 8 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் வெட்டி, நீளத்தைப் பாதியாக மடியுங்கள். மடிப்புக்கு எதிர்முனையை ஒரு மூடி வைத்து அரைவட்டமாக நறுக்குங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து 2 செ.மீ. இடைவெளியில் மூன்று வெட்டு போட்டால் நான்கு கீற்று. வெட்டின் நீளம் 8.3 செ.மீ. இருக்கட்டும். அந்த 3 மில்லிமீட்டரை மிச்சம் பிடித்தால் கடைசிக் கீற்று நுழையாமல் கிழியும். சார்ட் பேப்பர் தடிமன், பட்டம் விடும் தாள் மெலிசு, இரண்டும் ஆகாது.

பின்னும்போதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்வது. பாய் பின்னுவது போல மேல், கீழ் என்று போனால் வரவே வராது. ஒவ்வொரு கீற்றும் இரண்டு அடுக்கு உள்ள வளையம். சிவப்பின் முதல் கீற்றை வெள்ளையின் முதல் வளையத்துக்குள் நுழையுங்கள். அடுத்த வெள்ளை சிவப்புக்குள் போகட்டும். மூன்றாவது முதலாவது போல, நான்காவது இரண்டாவது போல. சிவப்பின் இரண்டாம் கீற்றுக்கு எல்லாம் தலைகீழ். முடித்து விரித்தால் சின்னக் கூடையாகத் திறக்கும். திறக்காவிட்டால் எங்கோ பாய் பின்னியிருக்கிறீர்கள். கைப்பிடி ஒட்டி உள்ளே மிட்டாய் போடலாம்.

அடுத்தது ரிசலமாங், அதாவது குளிர்ந்த பால் சோறு. அங்கே 23ஆம் தேதி இரவு சூடான பால் கஞ்சியை வெண்ணெய், பட்டைத்தூள், சர்க்கரையோடு சாப்பிட்டு, மிச்சத்தில் இதைச் செய்யும் வீடுகள் உண்டு. ஐந்து பேருக்கு 120 கிராம் பச்சரிசி. ஆம்பூர் பிரியாணிக்கு வாங்கிய சீரக சம்பா வேண்டாம், அதன் வாசனை வெனிலாவை அமுக்கிவிடும். பொங்கலுக்கு எடுக்கும் புது அரிசியே குழையும். ஒரே தண்ணீரில் அலசுங்கள். நாலு தடவை கழுவினால் மாவுச்சத்து போய்விடும். 100 மி.லி. தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அரை லிட்டர் பால் ஊற்றி, கிளறிக்கொண்டே கொதி வரவிடுங்கள். பிறகு மூடி, மிகச் சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். குக்கர் ஆகாது, களியாகிவிடும். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். பிடித்துவிட்டால் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

நன்றாக ஆறியதும் ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம். 75 கிராம் பாதாமை வெந்நீரில் ஊறவைத்துத் தோல் உரித்து, ஒன்றை மட்டும் முழுசாக எடுத்து வைத்து, மற்றதைக் கொரகொரப்பாக நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, வெனிலா, 250 மி.லி. அடித்த க்ரீம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். சாதாரண 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 35 சதவீதம் கொழுப்பு வேண்டும். கேக் போடுபவர்கள் வாங்கும் விப்பிங் க்ரீம் என்றால் அதிலேயே இனிப்பு இருக்கும், சர்க்கரையை விட்டுவிடுங்கள். கை பழக்கத்தில் ஏலக்காயும் வறுத்த முந்திரியும் போட்டால் அது பாயசம். கடிபடுவது பாதாமா முந்திரியா என்ற சண்டையும் வரும்.

மேலே சூடாக ஊற்ற செர்ரி சாறு. பேக்கரி கேக் மேல் உட்காரும் சிவப்பு ‘செர்ரி’ பெரும்பாலும் சர்க்கரையில் ஊறிய களாக்காய்; அது இதற்கு உதவாது. டின் செர்ரி கிடைக்காவிட்டால் விதை எடுத்த பன்னீர் திராட்சை 300 கிராமை 100 மி.லி. தண்ணீர், மூன்று கரண்டி சர்க்கரையோடு கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீரில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சோளமாவு ஊற்றிக் கெட்டியாக்குங்கள்.

முழுப் பாதாமைக் கடைசியில் புதைத்துப் பரிமாறுங்கள். ஆற்காடு மக்கன் பேடாவில் ஆளாளுக்குப் பருப்பு கிடைக்கும்; இதில் ஒருவருக்குத்தான். கிடைத்தவர் சொல்லக்கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் தேடித் தேடிப் பாத்திரத்தைக் காலி செய்யும் வரை சும்மா இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கிண்ணத்துக்குத் தனியே எடுத்த பிறகு பாதாமைப் போடுங்கள், தொண்டையில் சிக்கும். அங்கே பரிசு பாதாம் மாவில் செய்த பன்றி பொம்மை. இங்கே ஒரு டப்பா மக்கன் பேடா போதும்.