நகப் பொருட்களை ஆன்லைனில் வாங்கும் முன் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி?

தக்கலை பக்கத்தில் வீட்டு முன்னறையில் நெயில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கல்யாண சீசன் தொடங்கிவிடும். அப்படி ஒரு ஜனவரிக்கு முன்னால், சரக்கு தீர்ந்துபோன அவசரத்தில் ஆன்லைனில் ஒரு பில்டர் ஜெல் (நகத்தை நீட்டவும் தடிப்பாக்கவும் பூசும் ஜெல்) வாங்கினேன். வழக்கமாக வாங்கும் பிராண்டின் பெயர், அதே மாதிரி பாட்டில். விலை மட்டும் பாதிக்கும் கீழே. ‘புரொஃபஷனல்’ என்று படத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

நல்லவேளை, கல்யாணப் பெண்ணுக்குப் போடும் முன் என் நகத்திலேயே போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் விரல் நுனியெல்லாம் பொடிக் கொப்புளம், தூங்கவிடாத அரிப்பு. கண் இமைகூட வீங்கிவிட்டது. தோல் டாக்டர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. விற்றவரின் பக்கத்தைத் தேடினால் அதுவும் காணாமல் போயிருந்தது.

அம்மாதான் நறுக்கென்று கேட்டாள். “ஏ மக்ளே, நூறு ரூவா சாளைக்கு செவுளத் தூக்கிப் பாக்க. இதுக்குப் படத்தப் பாத்தாக்கும் வாங்கின?”

பதில் இல்லை. சாளை மீன் கெட்டுப்போனதா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, பாட்டிலுக்கு அந்தச் செவுளை எப்படித் தூக்குவது என்பதைத்தான், இப்போதுதான் நெயில் வேலை படித்து முடித்துச் சொந்தமாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். காசு போனால் போகட்டும் என்று விடக்கூடிய சமாசாரம் இல்லை இது. ஜெல், அக்ரிலிக் இரண்டுமே அக்ரிலேட் குடும்பத்து ரசாயனங்கள். சரியாக இறுகிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. இறுகாமல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். பல் அடைப்பு, எலும்பு அறுவை சிகிச்சையில் வைக்கும் சிமெண்ட், சர்க்கரை அளக்கத் தோலில் ஒட்டும் சென்சாரின் பசை என்று பல இடங்களில் இதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. இன்று நகத்துக்காக வாங்கிய வம்பு பின்னால் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கலாம்.

படி 1: எதை ஆன்லைனில் வாங்கலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிரஷ், ஃபைல், ஸ்டிக்கர், கல், பழகும் பிளாஸ்டிக் கை, டப்பா போன்றவற்றை யாரிடம் வேண்டுமானாலும் வாங்குங்கள். மோசமாக இருந்தால் தூக்கி எறியலாம், அவ்வளவுதான்.

பேஸ் கோட், டாப் கோட், பில்டர் ஜெல், பாலிஜெல், அக்ரிலிக் லிக்விட், பிரைமர், நெயில் க்ளூ, ஜெல்லை இறுகவைக்கும் லேம்ப் ஆகியவை வேறு ரகம். தோலில் படுவதும், தோலில் படுவதை இறுக்குவதும் இந்தப் பக்கம். இனி வரும் படிகள் எல்லாம் இவற்றுக்குத்தான்.

படி 2: பிராண்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு விற்பவரைப் பாருங்கள்

ஆன்லைன் தளம் ஒரு சந்தை மாதிரி. திங்கள்சந்தையில் ஒரே மரச்சீனிக் கிழங்கை ஐந்து பேர் விற்பார்கள் அல்லவா, அப்படி ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். ‘விற்பவர்’ என்ற சின்ன வரியைத் தட்டுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்து முகவரி மொட்டையாக இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அப்புறம், அந்த விற்பவர் வேறு என்னவெல்லாம் விற்கிறார் என்று பாருங்கள். செல்போன் கவர், தோசைக் கரண்டி, நாய்ச் சங்கிலி, கூடவே ஜெல் பாலிஷ் என்று இருந்தால் அவருக்கு நகத்தைப் பற்றி எதுவும் தெரியாது. கிடைத்ததை விற்கிறார். பிராண்டின் சொந்த இணையதளத்தில் இந்தியாவுக்கான அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் யார் என்று போட்டிருந்தால், அந்தப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பிராண்டுக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், பதில் வந்திருக்கிறது.

மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, புதிதாக வந்த ஒற்றை நட்சத்திரங்களை முதலில் வாசியுங்கள். பழைய மதிப்புரைகளையும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கலாம். ஜெல்லின் கீழே “தலையணை உறை நன்றாக இருக்கிறது” என்று யாராவது எழுதியிருந்தால், வேறு பொருளுக்கு வந்த நட்சத்திரங்களை இதன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விற்பவர் நல்லவராக இருந்தும் போலி வந்துசேர வழி உண்டு. சில தளங்கள் பல விற்பனையாளர்களின் ஒரே மாதிரிச் சரக்கைக் கிடங்கில் கலந்து வைத்து அனுப்பியிருக்கின்றன. அதனால் இந்தப் படி முடிந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது.

படி 3: பின்பக்க லேபிளின் படம் கேளுங்கள்

செவுள் என்று நான் சொல்வது இதைத்தான். வாங்கும் முன் விற்பவருக்குச் செய்தி அனுப்பி, பாட்டிலின் பின்பக்கத்தையும் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஜெல்லை விற்றவரிடம் கேட்டபோது “நல்ல குவாலிட்டி, டியர்” என்று மட்டும் பதில் வந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. இந்தியாவில் அழகுப் பொருட்களுக்கு 2020ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் இருக்கின்றன. இங்கே தயாரித்தது என்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியோடு பதிவுச் சான்றிதழ் எண். ‘ஆர்சி’ என்ற இரண்டு எழுத்துகளோடு அது தொடங்கும். இவற்றோடு பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன கலந்திருக்கிறது, எம்ஆர்பி.

முழுக்கச் சீன எழுத்தில் இருக்கும் பாட்டில் அழகாக இருக்கலாம். அதற்கு இங்கே பொறுப்பேற்க ஆள் இல்லை. வெள்ளை ஸ்டிக்கரில் விற்பவர் தானே பெயர் அச்சடித்து ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கிலோ கணக்கில் வாங்கிச் சின்னப் பாட்டிலில் ஊற்றி விற்கிற வேலையாக இருக்கலாம்.

படி 4: கலவைப் பட்டியலில் மூன்று பெயர்கள்

முதலாவது எம்எம்ஏ, அதாவது மெத்தில் மெத்தக்ரிலேட். சில அக்ரிலிக் லிக்விடுகளில் இருக்கும். 1970களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு நகம் பாதிக்கப்பட்டதாகப் புகார்கள் வந்து, முழுக்க எம்எம்ஏவால் ஆன நகப் பொருட்களை நீதிமன்றம் வரை போய் சந்தையிலிருந்து எடுக்க வைத்தார்கள். விலை மலிவு என்பதால் இன்னும் உலவுகிறது. இறுகினால் கல் மாதிரி. கார் கதவில் விரல் மாட்டினால் செயற்கை நகம் உடையாது, சொந்த நகம்தான் பெயர்ந்து வரும். நல்ல லிக்விடில் இருக்க வேண்டியது இஎம்ஏ, அதாவது எத்தில் மெத்தக்ரிலேட். ஓர் எழுத்துதான் வித்தியாசம், கண்ணாடி போட்டு வாசியுங்கள்.

இரண்டாவது ஹெமா, அதாவது ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட். ஜெல் ஒவ்வாமையில் அடிக்கடி மாட்டுகிற ஆள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் இது உள்ள நகப் பொருட்களில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றும், ஒவ்வாமை வரலாம் என்றும் எழுதியே ஆக வேண்டும். ஹெமா இருக்கிறது என்பதற்காகப் பொருளே கெட்டது என்று சொல்லமாட்டேன். கலவைப் பட்டியலே இல்லாத பாட்டில்தான் எனக்குப் பயம்.

மூன்றாவது டிபிஓ, அதாவது டிரைமெத்தில்பென்சாயில் டைஃபினைல்ஃபாஸ்பீன் ஆக்சைடு. லேம்ப் வெளிச்சத்தில் ஜெல்லை இறுகவைக்கும் பொருள். 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருட்களில் இதற்குத் தடை. அங்கே விற்க முடியாமல்போன பழைய சரக்கு மலிவு விலையில் எங்காவது போய்த்தானே ஆகும்? இது என் சந்தேகம் மட்டுமே. ஆனாலும் திடீர்த் தள்ளுபடியைப் பார்த்தால் பட்டியலை ஒருமுறை கூடுதலாக வாசிக்கிறேன்.

படி 5: லேம்பின் அடாப்டரை வாசியுங்கள்

ஜெல் நல்லதாக இருந்து லேம்ப் மோசமாக இருந்தாலும் அதே ஒவ்வாமைதான். மேலே பளபளவென்று இறுகி, அடியில் இறுகாமல் நிற்கும். ஜெல்லுக்கு வேண்டியது பொருத்தமான அலைநீளம். பெரும்பாலான லேம்ப்கள் 365, 405 நானோமீட்டர் பல்புகளைக் கலந்து வைக்கின்றன. ஜெல் தயாரிப்பவர் சொல்லும் லேம்பை வாங்குவதுதான் சரி.

பெட்டியில் 120 வாட், 200 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அடாப்டரில் ‘அவுட்புட்’ என்று எழுதியிருக்கும். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள். 24 வாட். அதற்கு மேல் அந்த லேம்பால் எடுக்கவே முடியாது. சட்டை அளவை அட்டையில் மட்டும் பெரிதாகப் போட்ட கதைதான்.

படி 6: பார்சல் வந்ததும்

கூரியர் தம்பி போகும் முன் பிரிக்க முடியாது, தெரியும். ஆனால் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ ஓடட்டும். பார்சலின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு, சீல், லேபிள், பேட்ச் எண் எல்லாம் ஒரே வீடியோவில், நடுவில் நிறுத்தாமல்.

அப்புறம் நகத்தில் போடாமல் பிளாஸ்டிக் டிப்பில் (ஒட்டுவதற்கென்று வரும் செயற்கை நக முனையில்) சோதியுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் கையுறையை அக்ரிலேட் சீக்கிரம் ஊடுருவிவிடும். மெல்லிய பூச்சு, சொன்ன நேரம் லேம்ப், பிறகு ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நெகிழ்ந்தால் இறுகவில்லை. சோக் ஆஃப் (ஊறவைத்துக் கழற்றும்) வகை என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டினால் வர வேண்டும். அக்ரிலிக் லிக்விட் என்றால் அக்ரிலிக் பவுடரோடு சேர்த்து ஒரு சின்ன உருண்டை செய்து இறுகவிட்டு இதே சோதனை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் கூழாங்கல் மாதிரி அசையாமல் கிடந்தால் எம்எம்ஏ என்று சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் பொருள் சுத்தம் என்று ஆகிவிடாது. தேறாததை ஒதுக்க மட்டும்தான் இது உதவும்.

நெயில் க்ளூவைத் திறக்கும்போது மடியில் காட்டன் துணி வேண்டாம். மூடி சரியில்லாத மலிவுக் குப்பி ஒன்று என் சுடிதாரில் கொட்டிற்று. க்ளூவில் இருக்கும் சயனோஅக்ரிலேட் பருத்தியோடு சேர்ந்தால் சூடாகும், தோல் வெந்துபோகிற அளவுக்கு. தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

படி 7: சரியில்லை என்று தெரிந்தால்

அரிப்போ கொப்புளமோ வந்தால் முதலில் நிறுத்துங்கள். கழுவிக் கழுவிச் சமாளித்து மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். தோல் டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

பணத்துக்கு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, எங்கள் குமரி மாவட்டத்துக்கு நாகர்கோவிலில். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. “பார்லருக்கு வாங்கினது, நான் நுகர்வோர் ஆவேனா?” என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில் மட்டும் வேண்டும். பில் தராதவரிடம் வாங்கியிருந்தால் நான் என்ன சொல்ல!

திருப்பி அனுப்ப முடியாத ஜெல்லை வாஷ்பேசினில் ஊற்றிவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, பழைய பேப்பரில் மெல்லிசாகத் தடவி, பிள்ளைகள் கை படாத இடமாகப் பார்த்து மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். இறுகியதும் சுருட்டிக் குப்பையில் போடலாம். மழை நாள் என்றால் லேம்புக்குள் வைத்தாலும் போதும். பாட்டிலையும் பெட்டியையும் மட்டும் புகார் முடியும்வரை எறியாமல் வைத்திருங்கள்.