மூன்றாம் நாள் மட்டும் திரும்பிய வியர்வை

மாதவிடாய் நின்றபின் வந்த உடல் கொதிப்புக்கு, வாரம் இருமுறை மாற்றும், தோலில் ஒட்டும் ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) பேட்ச் நன்றாகவே கேட்டது. பிறகு, ஒட்டிய மூன்றாம் நாள் இரவு மட்டும் தலையணை நனைய ஆரம்பித்தது. காபியை விட்டேன். மெல்லிய போர்வைக்கு மாறினேன். பலனில்லை. கருப்பை இருப்பதால், அதன் உட்சுவரைப் பாதுகாக்கத் தந்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன், நல்லவேளை, நிறுத்தவில்லை.

டோஸைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் போனால், ஒட்டிய இடத்தைக் காட்டச் சொன்னார். பேட்சின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு: நூல்தூசி. ஓரம் தூக்கியிருந்தால்தான் அது படியுமாம்; அப்போது மருந்து தோலுக்குள் சரியாக இறங்காதாம். குளித்ததும் நான் தடவிய லோஷனும், இடுப்புப் பட்டியின் உரசலும்தான் காரணம்.

இப்போது லோஷன் படாத, நன்கு உலர்ந்த அடிவயிற்றில், பட்டிக்குக் கீழே, இடம் மாற்றி மாற்றி ஒட்டுகிறேன். உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துகிறேன். அதே டோஸ்தான். இரண்டாவது வாரமே இரவு முழுக்கத் தூங்கினேன், அப்பாடா!