பருத்திமாரைக் கரியாக்கி மெதுவாகச் சத்து விடும் உரம் செய்வது எப்படி?

கடைசிப் பஞ்சு எடுத்ததும் மாரை, அதாவது மிஞ்சி நிற்கும் பருத்திச் செடியின் தண்டைப் பிடுங்கி, வரப்போரம் கொளுத்திவிடுகிறோம். மிஞ்சுவது சாம்பல். அதே மாரைக் கரியாக்கிக் கோமியம் ஊட்டினால், கரி அதிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) அமோனியமாகப் பிடித்துவைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

மாரை வேர்மண் உதறி, இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். ஒடித்தால் ‘படக்’கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது, புகைதான் வரும். காய்ந்ததை இரண்டடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். 100 கிலோ மாருக்கு 20 முதல் 25 கிலோ கரி தேறும்.

குழி மேலே 3 அடி, அடியில் 1 அடி அகலம், 2 அடி ஆழம். பக்கங்கள் புனல்போலச் சரிய வேண்டும். அடியில் கொஞ்சம் மார் போட்டு, தீயை மேலிருந்து வையுங்கள். மேலே எரியும் தழல் காற்றை விழுங்கிவிடுவதால் கீழே இருப்பது சாம்பலாகாது. மேல் அடுக்கில் வெள்ளை பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். சீக்கிரம் போட்டால் புகையும், தாமதித்தால் சாம்பலாகும். பக்கத்திலேயே நின்று பார்க்கிற வேலை இது. குழிக்கு அருகே குறைந்தது 100 லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். கடைசி அடுக்கு வெளுத்ததும் ஆவி அடங்கும்வரை ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சினாலும் விடிவதற்குள் பாதி சாம்பலாகியிருக்கும்.

கரியை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கழுவினாலே கறை போனால் நன்றாக வெந்திருக்கிறது. பிசுபிசுத்து, சோப்பு கேட்டால் தார் தங்கியிருக்கிறது. அதை அடுத்த குழியில் மறுபடி எரியுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். தண்ணீர் குடித்த கரி கோமியத்தைக் குடிக்காது. மூன்று நான்கு நாள் வெயிலில் உலர்த்துங்கள். பிறகு லேசாக நீர் தெளித்துச் சாக்கில் கட்டி மிதித்தால் தூசி பறக்காது; மிளகு முதல் நிலக்கடலை அளவு வரை போதும். உலர்ந்த கரி 10 கிலோவுக்குப் புதுக் கோமியம் 10 லிட்டர் தெளித்துப் புரட்டி, மக்கிய தொழுவுரம் 10 கிலோ கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் 15 நாள் வையுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். இன்னும் தொழுவுரம் சேர்த்து மூடுங்கள்.

ஊட்டாத கரியை அப்படியே போடாதீர்கள். அது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். கரியே காரத்தன்மை உள்ளது என்பதால் ஏற்கெனவே காரம் மிகுந்த களர் மண்ணுக்கும் இது வேண்டாம்.

யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 10 லிட்டர் கோமியத்தில் தழைச்சத்து அதிகம் போனால் 100 கிராம்தான். கரி குதிர், நெல் அல்ல. பின்னால் போடும் உரம் நீரோடு கழுவிப் போகாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை.

தக்காளி, கத்தரி நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி, அரையடி ஆழத்தில் மண்ணோடு கலந்துவிடுங்கள். மேற்கூறிய கலவை ஏறக்குறைய 200 நாற்றுக்கு வரும். மிச்சத்தைச் சாக்கில் கட்டி நிழலில் வைத்து, காய்ந்திருந்தால் போடுவதற்கு முதல் நாள் தண்ணீர் தெளியுங்கள்.