நடுத்தர விலையில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி

அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் அளவுள்ள சிறிய பெட்டி ஸ்பீக்கரைத்தான் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்கிறார்கள். அதைத் தேடத் தொடங்கும்முன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். அறையின் நீளம், அகலம், நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கர் வரப்போகும் இடத்துக்கும் உள்ள தூரம், ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே விட முடிந்த இடைவெளி ஆகிய எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நடுத்தர விலையில் இன்று கிடைப்பவற்றில் படுமோசமானவை குறைவு. ஆனால் நல்ல ஸ்பீக்கரைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டு, முதலில் கேபிளையும் பிறகு ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றிப் பார்த்து, கடைசியில் ஸ்பீக்கரையே விற்பவர்கள் நிறையப் பேர். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால் வாங்க வேண்டியவற்றின் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

இடம்

இந்த வகை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை ஸ்டாண்டின் மேல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. சுமார் 200 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, எல்லாத் திசையிலும் பரவுகிறது. பின்சுவரில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்துகொள்வதால் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) வரை ஏறும். மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். திறந்த இடத்தில் சமமாக ஒலிக்கும்படி செய்த ஸ்பீக்கர், அலமாரிக்குள் போனதும் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடுவது இதனால்தான்.

சுவர் கூட்ட மட்டும் செய்வதில்லை, கழிக்கவும் செய்யும். ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில், திரும்பி வரும் ஒலி நேர் ஒலியை அடித்துவிடும். கணக்கு எளிது: ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும்; அந்த 343ஐ, மீட்டரில் அளந்த தூரத்தின் 4 மடங்கால் வகுங்கள். 60 செ.மீ. என்றால் சுமார் 143 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸில். பக்கச்சுவரும் தரையும் இதையேதான் செய்கின்றன. அதனால் தாழ்ந்த ஒலி எழுப்பும் ஊஃபரிலிருந்து பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றுக்கும் உள்ள தூரங்கள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் விழும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்வலைசராலும் அதை நிரப்ப முடியாது. கூடுதலாக அனுப்பும் ஒலியையும் சுவர் அதே அளவில் கழித்துவிடும்.

அலமாரியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், பெட்டி முழுக்க மூடிய வகையையோ, போர்ட்டை (பேஸுக்காகப் பெட்டியில் விட்ட துளை) அடைக்க நுரைப் பஞ்சு தரும் மாடலையோ தேடுங்கள். ஸ்பீக்கரின் முகம் அலமாரி விளிம்போடு சமமாக நிற்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் பலகையின் விளிம்பே ஒலியைத் திருப்பி அனுப்பிக் குரலைக் கலக்கும். பின்பக்கம் போர்ட் இருந்தால் குறைந்தது போர்ட்டின் விட்டம் அளவுக்காவது பின்னால் இடைவெளி வேண்டும், 10 செ.மீ. கிடைத்தால் நல்லது. முன்பக்கப் போர்ட் இருந்தால் சுவரை ஒட்டி வைக்கலாம் என்று விற்பனையாளர் சொல்வார். அது பாதி உண்மைதான். போர்ட்டுக்குக் காற்று கிடைக்கும், ஆனால் ஊஃபரின் பேஸ் சுவரில் பட்டு ஏறுவது அப்படியேதான் இருக்கும்.

அறைக்கும் தனக்கென்று ஒரு முழக்கம் உண்டு. 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அதன் அடிப்படை அதிர்வெண் கிடைக்கும். 4 மீட்டர் நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டருக்கு 57 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் 3 மீட்டராக உள்ள சதுர அறையில் இரண்டு முழக்கமும் 57 ஹெர்ட்ஸிலேயே கூடிவிடும். அப்படிப்பட்ட அறையில் ஆழமான பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். 5 அங்குல ஊஃபரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 20 சதுர மீட்டரைத் தாண்டிய அறை, 3 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் 6.5 அங்குலத்தைப் பாருங்கள். 5.25 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதன் கோனின் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே சத்தத்துக்கு அது குறைவாக அசைந்தால் போதும், அதனால் சிதைவும் குறைவு.

அட்டையில் அச்சிட்ட எண்கள்

முதலில் நம்பக் கூடாதது வாட். “150 வாட்” என்று அச்சிட்டிருப்பது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தோராயமான எண். எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லாது. சத்தத்தைச் சொல்வது சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்த டெசிபல் அது. நடுத்தர விலையில் பெரும்பாலும் 84 முதல் 89 வரை இருக்கும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் (மின்தடையின் அலகு) ஸ்பீக்கருக்கு 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 87 என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் அது 84தான்.

மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையான இம்பிடன்ஸ் அடுத்தது. அட்டையில் உள்ள ஓம் ஒரு பெயரளவு எண். அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60268-5 தரநிலைப்படி எங்கும் அது பெயரளவின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்றால் 6.4 வரை இறங்கலாம். நடைமுறையில் 8 ஓம் என்று போட்டுவிட்டு 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர்கள் நிறைய உண்டு. விவரப் பட்டியலில் “குறைந்தபட்ச இம்பிடன்ஸ்” என்று ஒரு வரி இருந்தால் அதையே நம்புங்கள். அது 3.5 ஓம் அருகே இருந்தால், 4 ஓம் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூட்டும்போது ஆம்ப் சூடாகித் தானே அணைந்துவிடும்.

அதிர்வெண் வீச்சில் பக்கத்தில் உள்ள டெசிபலைப் பாருங்கள். “45 ஹெர்ட்ஸ் முதல் 25 கிலோஹெர்ட்ஸ்” என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையும் ஸ்பீக்கர், 45 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைவதைவிட ஆழமாக இறங்கக்கூடியது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஆண் குரலின் அடிப்படை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அருகில். குரலும் தந்தி வாத்தியமும் அதிகம் கேட்பவருக்கு 55 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கினாலே நிறைவாக இருக்கும்.

சிறிய பெட்டி, அதிக சென்சிட்டிவிட்டி, ஆழமான பேஸ் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் சொல்லப்படும் இந்த விதியை இதுவரை யாரும் மீறவில்லை, ஏனென்றால் இது இயற்பியல். 5 அங்குல ஊஃபர், 91 டெசிபல், 38 ஹெர்ட்ஸ் என்று மூன்றையும் ஒரே அட்டையில் கண்டால் அதில் ஏதோ ஓர் எண் பொய்.

ஆம்ப்ளிஃபயர் கணக்கு

85 டெசிபல் ஸ்பீக்கர், 2.5 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் 8 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3, அறையின் எதிரொலியால் ஏறக்குறைய இன்னொரு 2 அல்லது 3 திரும்பக் கிடைக்கும். ஆக 1 வாட்டுக்கு நீங்கள் கேட்பது சுமார் 82 டெசிபல். அதுவே தாராளமான சத்தம். ஆனால் இசையில் திடீர் உச்சங்கள் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் ஏறும். 3 டெசிபலுக்கு வாட் இரட்டிப்பாகும் என்பதால் 15 டெசிபலுக்கு 32 வாட், 20 டெசிபலுக்கு 100 வாட் தேவை. மிதமாகக் கேட்பவருக்கு ஒரு சேனலுக்கு உண்மையான 40 அல்லது 50 வாட் போதும். சின்ன ஆம்ப்பை முட்டும்வரை திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்குத் தாங்க முடியாத சராசரி மின்சாரம் போகும். எரிந்த ட்வீட்டர்களில் பல இப்படிப் போனவைதான்.

அளவீட்டு வரைபடங்கள்

வாங்கும்முன் இவற்றைப் பார்க்கப் பழகிக்கொண்டால் வேறெந்த அறிவுரையும் இதற்கு ஈடாகாது. சிடிஏ-2034 என்ற அளவீட்டுத் தரநிலையின் முறையில் ஸ்பீக்கரைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 டிகிரிக்கு ஒருமுறை திருப்பி அளந்து, சில கோடுகளாகத் தருகிறார்கள். இதற்கு அடித்தளம், ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் நடத்திய கேட்டல் சோதனைகள். எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்டவர்கள், நேர்முகமாகச் சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலிப்பதையே விரும்பினார்கள்.

நேர்முக ஒலியைக் காட்டும் மேல் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். 2 டெசிபல் ஏற்ற இறக்கம் பரவாயில்லை. பக்கவாட்டு ஒலியின் கோடு அதிர்வெண் கூடக்கூட மெதுவாகச் சரிய வேண்டும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில், அதாவது ஊஃபர் விட்டு ட்வீட்டர் பிடிக்கும் இடத்தில், அந்தக் கோடு திடீரென்று குழிந்து மேலே எழும்பினால், நேராக உட்கார்ந்து கேட்டாலும் சுவரிலிருந்து வரும் ஒலி வேறு நிறத்தில் இருக்கும். அரை மணி நேரத்தில் காது சலிக்கும். ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற கிண்ணம்போல் ஒரு வழிகாட்டி இருப்பதும், கேஇஎஃப் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 1988 முதல் செய்துவருவதுபோல் ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைப்பதும் இந்தக் குழியைக் குறைக்கத்தான். நடுத்தர விலையில் உங்கள் பணம் போக வேண்டிய இடம் இது. மேற்பூச்சும் மரத்தோலும் ஒலியில் எதையும் மாற்றுவதில்லை.

காதால் சோதிப்பது

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாவிட்டால் ஒப்பீடே வீண். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது “தெளிவாக” இருப்பதாகத்தான் காது சொல்லும். உட்காரும் இடத்தில் போனை வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, ஒலி அளக்கும் செயலியில் இரண்டும் அரை டெசிபலுக்குள் வரும்படி வால்யூமைத் திருத்துங்கள். போன் சொல்லும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு முறையும் ஒரே போன் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

பிறகு உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளைப் போடுங்கள். குரலில் “ஸ”, “ச” உறுத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கலாக இருக்கிறது. ஆண் குரல் மார்பிலிருந்து மட்டுமே வருவதுபோல் கனத்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வீங்கியிருக்கிறது. அது ஸ்பீக்கரின் குறையா அறையின் குறையா என்று அறிய, 30 செ.மீ. முன்னே இழுத்துப் பாருங்கள். படிப்படியாக இறங்கும் பேஸ் வரிசையில் ஒரு சுரம் மட்டும் உரத்து நின்றால் அது பெரும்பாலும் அறை. கடைசியாக, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து அரை மணி நேரம் கேளுங்கள். முதல் 5 நிமிடத்தில் பளிச்சென்று கவர்வது பல நேரம் தூக்கிவிட்ட ட்வீட்டர்தான். கடையின் பெரிய கூடத்தில் கேட்டதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். திருப்பித் தரும் வசதியோடு வாங்கி வீட்டில் கேட்பதே மேல்.

மற்றவை

ஸ்டாண்டின் உயரம், ட்வீட்டர் உட்கார்ந்த காதுக்கு நேராக, பொதுவாக 90 முதல் 100 செ.மீ.க்குள், வரும்படி இருக்கட்டும். ஸ்பீக்கரைப் படுக்க வைக்காதீர்கள். ஊஃபரும் ட்வீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், தலையை அசைக்கும்போதெல்லாம் குரல் மாறும். கேபிள் செம்பாக இருந்தால் போதும். 5 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5. செம்பு பூசிய அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதைத் தவிருங்கள்.

பழையது வாங்கினால் ஊஃபரின் விளிம்பு வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். நுரை வளையம் ஆண்டுகள் போகப்போக உதிரும், ரப்பர் தாங்கும். கோனை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கோணிவிட்டது, வாங்க வேண்டாம். பேஸுக்கு மட்டுமான சப்ஊஃபரைப் பிறகு சேர்க்கும் எண்ணம் இருந்தால் சின்ன ஸ்பீக்கரே போதும். ஒவ்வொரு ஆக்டேவ் (அதாவது அதிர்வெண் பாதியாக) கீழே போகும்போதும் அதே சத்தத்துக்குக் கோன் 4 மடங்கு அசைய வேண்டியிருப்பதால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள வேலையை எடுத்துவிட்டால் சின்ன ஊஃபர் நிம்மதியாகப் பாடும்.

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு சோதனை. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக இருக்கும்படி அமைத்து, இரு பக்கமும் ஒரே ஒலி வரும் ஒரு மோனோ குரல் பதிவைப் போடுங்கள். குரல் நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். எங்கும் நிற்காமல் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கம் கேபிளின் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறியிருக்கின்றன. ஒரு பக்கமாக ஒதுங்கினால், கேபிள்களை அந்தந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். ஒதுங்கல் அதே பக்கத்திலேயே இருந்தால் காரணம் அறை, கேபிள் அல்லது ஆம்ப். எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தால் ஜோடியில் ஒன்றில் கோளாறு, திருப்பித் தரும் கெடு முடியும்முன் மாற்றிக் கேளுங்கள்.