எதிரணியை வென்றதா, வெற்றி பெற்றதா?

வெல், தோற்கடி, முறியடி. இவற்றின் பொருள் தெரியாதவர்கள் யாருமில்லை. இருந்தும் விளையாட்டுச் செய்தியோ தேர்தல் செய்தியோ எழுதும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். வினைக்கு முன்னால் வரும் பெயர் எந்த வேற்றுமையை ஏற்கும் என்று பார்க்காததுதான் காரணம்.

அடிக்கடி கண்ணில் படுவது 'எதிரணியை வெற்றி பெற்றது'. எதைப் பெற்றது? வெற்றியை. 'பெறு'வுக்கு உரிய செயப்படுபொருள் அங்கேயே இருக்கிறது. எதிரணிக்கு இன்னொரு 'ஐ' போட இடமில்லை. 'எதிரணியை வென்றது' என்றாலே போதும். வெற்றி என்ற சொல் வந்தே தீர வேண்டுமென்றால் 'எதிரணியை வெற்றிகொண்டது' எனலாம். கொள் என்பதற்கே கைப்பற்று, வெல் என்ற பொருள் உண்டு. கங்கைகொண்ட சோழன் என்ற பட்டத்தில் இருப்பது அந்தக் 'கொள்'தான்.

அப்புறம் இந்த ஒற்று. 'வெற்றிப் பெற்றார்' தவறு. வெற்றியைப் பெற்றார் என்பதில் 'ஐ' மறைந்து நிற்பதால் ப் வராது. வெற்றிக் கொடி, வெற்றிப் பாதை என்றால் வரும். 'வென்றுக் காட்டினார்' என்பதும் தவறு, 'வென்று காட்டினார்'தான் சரி. ஆனால் 'தோற்றுப் போனார்' என்பதில் ப் கட்டாயம். இப்படி அடுத்த வினையோடு சேரும் வினையெச்சம் 'ன்று' என்று முடிந்தால் மிகாது, 'ற்று' என்று முடிந்தால் மிகும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காதே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒருவரை வெல்கிறோம், ஆனால் ஒருவரிடம் தோற்கிறோம். ஆட்டத்தில் தோற்கிறோம். 'ஆட்டத்தைத் தோற்றது' என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள், எனக்கு இடிக்கிறது. தோற்பதற்கு 'ஐ' அறவே ஆகாது என்றும் சொல்ல முடியாது. தருமன் சூதில் நாட்டைத் தோற்றான் என்கிறோமே! பணயமாக வைத்து இழந்த பொருள் 'ஐ' ஏற்கும். ஆட்டத்தை யாரும் பணயம் வைப்பதில்லை.

முறியடிப்பது தாக்குதலை, சதியை, பழைய சாதனையை. தனி ஆளைத் தோற்கடிக்கலாம், வீழ்த்தலாம். முறியடித்தார் என்றால் ஒட்டாது. 'வெற்றிகரமாக முறியடித்தனர்' என்பதில் வெற்றிகரமாக எதற்கு? முறியடித்தாலே வெற்றிதானே.

எல்லாவற்றையும் 'வெல்ல' வேண்டியதும் இல்லை. கோபத்தை வெல்லலாம், பயத்தை வெல்லலாம். சிரமத்தைச் சமாளிக்கிறோம், தடையைத் தாண்டுகிறோம், நோயிலிருந்து மீள்கிறோம். 'காய்ச்சலைத் தோற்கடித்தார்' என்று எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்புதான் வரும்.

இன்னொரு பிழை அபூர்வம்தான், ஆனால் வந்தால் பொருளையே புரட்டிவிடும். தோற்கடித்தான் என்ற பொருளில் 'தோற்றுவித்தான்' என்று எழுதுவது. தோற்றுவி என்றால் உண்டாக்கு, தொடங்கு. சோழரைத் தோற்றுவித்த பாண்டியன் என்று எழுதிவிட்டால், சோழ வம்சத்தை உண்டாக்கியவனே அந்தப் பாண்டியன்தான் என்றாகிவிடும்.